இருதய சிகிச்சையும் நுரையீரலின் இயல்பும்

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில், தில்லியிலோ நாகபுரியிலோ, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்தோர் நம்மில் பலர். இருதய ரண சிகிச்சை நன்கு முடிந்தது என்று மருத்துவர் கூறிச் செல்கிறார். மறுநாளோ நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது. சுவாசக் கருவியை அகற்ற இயலவில்லை என்கிறார்கள். அடுத்த கட்டிலில், அதே நிபுணரிடம் அதே சிகிச்சை பெற்றவர் எழுந்தமர்ந்து கஞ்சி அருந்துகிறார். நம்மவருக்கு மட்டும் ஏன் இந்நிலை? யார் செய்த பிழை?

பிழை எவருடையதாகவும் இல்லாமலிருக்கலாம்.

இருதயத்தை நிறுத்திவைத்துச் சிகிச்சை செய்கையில், அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு கருவி ஏற்கிறது. 1953-ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்னும் நிபுணர் அதனை முதன்முதலாக வெற்றியுடன் பயன்படுத்தினார். அக்கருவியின் குழாய்கள் இரத்தத்துக்கு அந்நியமானவை. அவற்றைத் தொட்டதும் வெள்ளணுக்கள், பகைவன் புகுந்தான் என்று கிளர்ந்தெழுகின்றன. நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழல்களில் தங்கி, அவற்றின் சுவரைச் சிதைக்கின்றன. சுவர் கசிந்தால் காற்றறைகளில் நீர் நிறையும். பிராணவாயு இரத்தத்தில் கலக்க வழியிராது.

பெரும்பாலோரிடம் இக்கிளர்ச்சி தானே அடங்கிவிடும், சிலரிடம் அடங்குவதில்லை. வயது, புகைப் பழக்கம், கருவியோடு இணைந்திருந்த நேரம் ஆகியவற்றோடு, பெற்றோர்வழி வந்த மரபணுவும் இதற்குக் காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இரத்தக் குழல்களைச் சுருக்கும் பொருளை ஆக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் மரபணுவில் ஒரு சிறு துண்டு சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை. இல்லாதவரிடம் நொதி மிகுதி. பல காரணங்களால் நுரையீரல் கடுமையாகப் பழுதுற்றோரிடையே, துண்டில்லாத வகை அதிகம் என்று 2002-இல் லண்டன் ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆயினும் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளுள் சில அதனை உறுதி செய்யவில்லை.

இதனைத் தமிழில் எழுதுகையில் ‘விதி’ என்ற சொல்லே கைக்கு முந்தி வந்தது; அடித்துவிட்டோம். ‘எளிதில் ஆட்படும் இயல்பு’ என்பதே பொருந்தும். இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று முன்கூட்டி உரைக்கும் மரபணுச் சோதனை இன்றளவும் வழக்கில் இல்லை.

இயல்பை மாற்ற இயலாவிடினும், செய்யக்கூடியவை உண்டு. சிகிச்சைக்குப் பல வாரங்கள் முன்பே புகையை அறவே விடுதல் ஒன்று. நுரையீரல் பழுதுற்றபின், சுவாசக் கருவி சிறுசிறு மூச்சாகச் செலுத்துவது மற்றொன்று. பெரிய மூச்சு செலுத்தியபோது நூற்றுக்குச் சுமார் 40 பேரும், சிறிய மூச்சு செலுத்தியபோது 31 பேரும் இறந்தனர் என 2000-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. தாழ்வாரத்தில் நிற்போர் இதுபற்றி மருத்துவரிடம் தயங்காது கேட்கலாம்.