பரணில் கிடக்கும் பொம்மை வண்டிகள்: காயலான் கடைக்குப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் குழந்தைகளின் விளையாட்டு வண்டிகளும் இருக்கும். ஒரு சக்கரம் இழந்த மர மாட்டு வண்டி, துருவேறிய தகர டிராக்டர், உளுத்துப்போன நடைவண்டி போன்றவை பெரும்பாலும் அடுப்புக்கோ காயலான் கடைக்கோ போய்விடுகின்றன. விலை என்று பார்த்தால் நாலு காசு பெறாது. ஆனாலும் விவசாயக் குடும்பங்கள் இவற்றைப் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம். அதிலும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி விவசாயிகளுக்கு இது உடனடியாகக் கவனிக்க வேண்டிய காரியமாகும்.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. சாலையின் இருபுறமும் நிலம் கைமாறியது. நிலம் கைமாறிய வீட்டில் மாடு நிற்பதில்லை. மாடு போன வீட்டில் வண்டிக்கு வேலையில்லை. இப்பகுதிச் சிறுவர்கள் இன்று காரும் கண்டெய்னர் லாரியும் வைத்து விளையாடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. கண்ணெதிரே ஓடுவதைத்தானே குழந்தை உருட்டும்?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தொழிற்சாலையில் தயாராகும் காருக்கு ஒவ்வொரு திருகாணிக்கும் வரைபடம் இருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டாலும் எடுத்துக் காட்ட முடியும். ஊர் ஆசாரி செய்த மாட்டு வண்டிக்கு வரைபடம் கிடையாது. அளவெல்லாம் அவர் கையிலும் முழக்கோலிலும்தான் இருந்தது. பெரிய வண்டி மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கிய பின், அதே ஆசாரி மிச்சக் கட்டையில் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்த சின்ன வண்டிதான் எஞ்சும் சாட்சி.

ஹரப்பா தந்த சாட்சி

சிந்து சமவெளியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் ஓடிய மாட்டு வண்டிகளின் மரம் முழுவதும் மக்கிப் போயிற்று. அவை எப்படி இருந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் அறிந்து கொண்டது பெரும்பாலும் ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த சுட்ட மண் பொம்மை வண்டிகளைக் கொண்டுதான். வண்டியின் சட்டம், முளைக்குச்சி செருகும் துளை, ஆரக்கால் இல்லாத கட்டைச் சக்கரம் எல்லாம் அந்தப் பொம்மைகளில் தெரிகின்றன.

அவ்வளவு தூரம் போகாமல் காஞ்சிபுரத்துக்கே வரலாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உழவர் வீட்டுப் பிள்ளைகள் தச்சர் செய்து கொடுத்த சிறுதேரை உருட்டிக் களைத்துப் போய், பால் குடித்து உறங்கும் காட்சி வருகிறது. அதே பாட்டில் உப்பு வணிகரின் மாட்டு வண்டியைச் சக்கரம், குடம், ஆரக்கால் என்று உறுப்பு உறுப்பாகப் புலவர் வர்ணிக்கிறார். தொண்டை நாட்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாகப் பொம்மை வண்டி உருட்டி வருகிறார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

விளையாட்டில் கற்ற பெயர்கள்

பொம்மை வண்டியால் குழந்தைக்குக் கிடைத்த பெரிய லாபம் பெயர்களைக் கற்றுக்கொண்டதுதான். சக்கரத்தின் நடுவில் குடம். குடத்திலிருந்து புறப்படுபவை ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி வளைத்து நிற்கும் மரத்துண்டுகள் வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்பது பெரும்பாலும் உள்ள கணக்கு. வட்டையின் மேல், இரும்புப் பட்டாவைச் சூடாக்கி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா குளிர்ந்து சுருங்கும்போது மரம் முழுவதையும் இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். அச்சின் முனையில் சக்கரம் கழன்று ஓடாமல் தடுப்பது கடையாணி. முன்னால் ஏர்க்கால், அதன் நுனியில் நுகத்தடி, மாட்டைப் பிணைக்கப் பூட்டாங்கயிறு.

கடையாணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தர வேண்டியிருந்ததில்லை. ஈர்க்குச்சியில் செய்த ஆணி விழுந்து பொம்மை குடை சாய்ந்தபோதே பையனுக்குப் புரிந்துவிட்டது. இன்று டிராக்டர் ஓட்டும் இளைஞர்கள் பலருக்கு வட்டை எது, குடம் எது என்று தெரியாது. இப்பெயர்கள் ஊருக்கு ஊர் சற்று மாறுவதும் உண்டு. ஆகவே வயதான ஆசாரிகளும் வண்டி ஓட்டியவர்களும் இருக்கும்போதே, பொம்மையை அவர்கள் கையில் கொடுத்துப் பெயர் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துவிட வேண்டும். சும்மா கேட்டால் மறந்துவிட்டது என்பவர்களும், பொம்மையைக் கையில் வாங்கியதும் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்.

டிராக்டர் வந்த பின்

இந்தியாவில் 1959-ல் ஃபரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் தயாராயிற்று. 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸே பெர்குசன் கூட்டுறவுடன் தொடங்கப்பட்டது. அந்தச் சிவப்பு டிராக்டர் ஊருக்குள் வந்ததும் பிள்ளைகளின் பொம்மையும் மாறிற்று. பவுடர் டப்பா உடம்பாயிற்று. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்தார்கள். பின் சக்கரம் பெரிது, முன் சக்கரம் சிறிது என்பதில் மட்டும் தவறு செய்ய மாட்டார்கள். இழுக்கும்போது பாரம் பின்னால் விழுவதால் அங்கே பெரிய சக்கரம் தேவை, முன் சக்கரம் திருப்புவதற்கு என்ற காரணத்தை அவர்கள் பிறகு தெரிந்து கொண்டிருக்கலாம்.

அமெரிக்காவில் இந்தப் பொம்மைகளை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பது நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும். அயோவா மாநிலத்தில் ஃபிரெட் எர்ட்ல் என்ற வார்ப்புத் தொழிலாளி 1945-ல் தம் வீட்டிலேயே அலுமினியத்தை உருக்கி, மணல் அச்சில் வார்த்துப் பொம்மை டிராக்டர்கள் செய்யத் தொடங்கினார். உண்மை டிராக்டரில் பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைகளுக்கு அவருடைய கம்பெனி பேர் பெற்றது. அக்கம்பெனி குடியேறிய டயர்ஸ்வில் என்ற சிற்றூரில் 1986-ல் விவசாயப் பொம்மைகளுக்கென்றே தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிறு வயதில் உருட்டிய அதே மாடலைத் தேடி விவசாயிகள் அங்கே வருகிறார்கள். நம் ஊருக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. பஞ்சாயத்து நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு கண்ணாடி அலமாரி போதும்.

பத்திரப்படுத்தும் முறை

மரப் பொம்மையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உலர்ந்த தூரிகையால் தூசு தட்டி, காலை இளவெயிலில் சற்று நேரம் வைத்து எடுக்கலாம். ஊசித் துளைகளும் மாவு போன்ற தூளும் காணப்பட்டால் அது உளு விழுந்த மரம். அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, துளைகளில் வேப்பெண்ணெய் தடவித் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். புதுத்தூள் கொட்டாவிட்டால் சேர்த்து வைக்கலாம். கறையான் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் ஏறும் என்பதால் சுவரை ஒட்டாத அலமாரியே நல்லது.

தகரப் பொம்மையை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை மிக லேசாகப் பூசினால் துரு பரவாது. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று புதுப் பெயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. இது பெரிய தவறு. பழைய வர்ணம் போனால் பொம்மையின் காலத்தைக் கண்டுபிடிக்கும் அடையாளமும் போய்விடும். சுடாத களிமண் வண்டியில் ஈரமே படக் கூடாது.

ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு சீட்டு வைப்பது முக்கியம். எந்த ஊர், செய்தவர் யார், என்ன மரம், யார் எந்த ஆண்டில் விளையாடியது, சக்கரத்தின் குறுக்களவு எத்தனை அங்குலம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதினால் போதும். பேனா மை ஈரத்தில் கரையும்.

பத்திரப்படுத்த முடியாத வண்டி ஒன்றுண்டு, அது நுங்கு வண்டி. சித்திரை, வைகாசியில் நுங்கு தின்ற பின் இரண்டு பனங்காய்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளும் இந்த வண்டி சில நாளில் வாடிச் சுருங்கிவிடும். இதைக் காப்பாற்ற ஒரே வழி வரப்பில் பனையை விட்டு வைப்பதுதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதை, நிலம் விற்பவரும் வாங்குபவரும் மறந்துவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. பழைய பொம்மைகளின் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக் கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.-க்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. எனவே பரணில் எடுத்த வர்ணப் பொம்மையைப் பேரக் குழந்தைகளிடம் கொடுத்துக் கடிக்க விடக் கூடாது. அலமாரியில் வைத்துக் காட்டலாம். விளையாட வேண்டுமானால் பழையதன் அளவை ஆசாரியிடம் கொடுத்துப் புதிதாக ஒன்று செய்து வாங்கலாம். பெயிண்ட் வேண்டாம், உப்புத்தாள் போட்டுத் தேங்காயெண்ணெய் தடவினாலே போதும். கடையாணியை மட்டும் பெரிதாகச் செய்யச் சொல்ல வேண்டும், சிறிதாக இருந்தால் குழந்தை விழுங்கிவிடும்.