கடலடிப் பயணங்கள்: ஆபத்தும் அலட்சியமும்

சந்திரனில் முதன்முதலாகக் கால் வைத்தவர் யார் என்று கேட்டால் எமது சிறுவர்களும் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். உலகின் மிக ஆழமான கடலடியை முதன்முதலாகத் தொட்டவர்கள் யார் என்று கேட்டால் பெரியவர்களும் யோசிப்பார்கள். ஆழ்கடலின் கதை அப்படி. அங்கே ஏதாவது விபத்து நடந்தால்தான் உலகம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கின்றது.

2023ம் ஆண்டு யூன் மாதத்தில் அவ்வாறு திரும்பிப் பார்த்தது. அம்மாதம் 18ம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் சமுத்திரத்தில் 'டைட்டன்' என்ற சிறிய நீர்மூழ்கிக் கலம் ஐந்து பேருடன் இறங்கியது. 1912ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் சிதைவுகளைப் பார்ப்பதே பயணத்தின் நோக்கம். ஒருவருக்கான கட்டணம் இரண்டரை இலட்சம் அமெரிக்க டொலர். கலத்தின் சொந்தக்காரரான ஓஷன்கேற் கம்பனியின் தலைவர் ஸ்ரொக்ரன் றஷ் தாமே அதைச் செலுத்தினார். டைட்டானிக்கை நன்கு அறிந்த பிரெஞ்சு ஆய்வாளர் போல் ஹென்றி நார்ஜொலே, பிரித்தானியத் தொழிலதிபர் ஹமிஷ் ஹார்டிங், பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட வர்த்தகர் ஷாஸாதா தாவூத், அவரது 19 வயது மகன் ஆகியோர் உடன் சென்றனர்.

இறங்கத் தொடங்கி ஒன்றேமுக்கால் மணித்தியாலத்தில் தொடர்பு அறுந்தது. கலத்தில் 96 மணித்தியாலத்துக்குப் போதுமான ஒட்சிசன் இருப்பதாகக் கூறப்பட்டதால், உலகத் தொலைக்காட்சிகள் நான்கு நாட்கள் மணித்தியாலங்களை எண்ணிக்கொண்டிருந்தன. 22ம் திகதி, ஆளில்லாத இயந்திரம் ஒன்று டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் தூரத்தில் டைட்டனின் சிதைவுகளைக் கண்டது. கலம் முதல் நாளே உள்நோக்கி நொருங்கிவிட்டது. ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

தண்ணீரின் பாரம்

ஆழ்கடலில் மனிதனுக்கு முதல் எதிரி இருளும் குளிரும் அல்ல, அமுக்கம். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் எமது தலைக்கு மேலுள்ள வளிமண்டலம் முழுவதற்கும் சமமான அமுக்கம் ஒன்று புதிதாகச் சேர்கின்றது. டைட்டானிக் கிடக்கும் 3800 மீற்றர் ஆழத்தில் அது 380 மடங்காகின்றது. பெருவிரல் நகமளவான ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ 380 கிலோ பாரம் ஏற்றி வைத்தது போல என்று கொள்ளலாம். கலத்தின் சுவரில் எங்காவது பலவீனம் இருந்தால் அங்கே ஒழுக்கு ஏற்பட்டு, அதை அடைக்க அவகாசம் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. அந்த ஆழத்தில் ஒழுக்கு என்ற கட்டமே கிடையாது.

இதை ஆரம்ப காலத்து ஆய்வாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். அமெரிக்கரான வில்லியம் பீபியும் ஒற்றிஸ் பார்ட்டனும் உருக்குக் கோளம் ஒன்றினுள் அமர்ந்து, கம்பி வடத்தில் தொங்கியபடி 1934ல் 923 மீற்றர் ஆழம்வரை சென்று வந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், ஆளில்லாமல் சோதனைக்காக இறக்கிய அதே கோளம் தண்ணீர் நிரம்பி மேலே வந்தது. கதவின் ஆணியைக் கழற்றத் தொடங்கியபோது அது பீரங்கிக் குண்டு போலச் சீறிக்கொண்டு கப்பல் தளத்தைக் கடந்து பறந்தது. உள்ளே ஆட்கள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். முதலில் வெறும் கலத்தை இறக்கிப் பார்க்கும் பழக்கமே அவர்களைக் காப்பாற்றியது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கான பதிலும் இங்கே வருகின்றது. 1960ம் ஆண்டு ஜனவரி 23ம் திகதி சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் பிக்கார்ட், அமெரிக்கக் கடற்படை அதிகாரி டொன் வோல்ஷ் ஆகிய இருவரும் 'றியெஸ்த்' என்ற கலத்தில் பசிபிக் சமுத்திரத்தின் மரியானா ஆழியில், கிட்டத்தட்ட 11 கிலோமீற்றர் ஆழத்தில், கடலடியைத் தொட்டனர். 9000 மீற்றரைத் தாண்டியபின் வெளிப்புற யன்னற் கண்ணாடி ஒன்று வெடித்து, கலம் முழுவதும் அதிர்ந்தது. ஆயினும் அவர்கள் அமர்ந்திருந்த தடித்த உருக்குக் கோளம் தாங்கியது.

1973ல் நடந்த இரண்டு விபத்துக்கள்

டைட்டனுக்கு 50 ஆண்டுகள் முன்னர், ஒரே கோடைகாலத்தில் இரண்டு விபத்துக்கள் நிகழ்ந்தன. இன்று பலரும் மறந்துவிட்ட அவை சொல்லும் பாடங்கள் பெரியவை.

முதலாவது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கீ வெஸ்ற் என்னும் இடத்துக்கு அப்பால் நடந்தது. யூன் 17ம் திகதி 'ஜோன்சன் சீ லிங்க்' என்ற ஆய்வுக்கலம், கடலில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டிருந்த பழைய போர்க்கப்பல் ஒன்றின் வடங்களில் சிக்கிக்கொண்டது. ஆழம் சுமார் 110 மீற்றர் மட்டுமே. நால்வர் உள்ளே இருந்தனர். மூச்சு விடும்போது நாம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதற்கு அக்கலத்தில் ஓர் இரசாயனப் பொருள் வைக்கப்பட்டிருந்தது. குளிரில் அந்தப் பொருள் சரியாக வேலை செய்யாது. கலத்தின் முன்பகுதி தடித்த அக்ரிலிக் கோளம். பின்பகுதி அலுமினியம். அலுமினியத்தினூடாக வெப்பம் விரைவாக வெளியேற, பின்பகுதி குளிர்ந்து, அங்கே நச்சுக்காற்று கூடியது. ஒரு நாளுக்கு மேல் போராடிக் கலத்தை மீட்டெடுத்தபோது முன்னால் இருந்த இருவர் உயிருடன் இருந்தனர். பின்னால் இருந்த இருவரும் மாண்டிருந்தனர். மாண்டவர்களில் ஒருவர், அக்கலத்தை வடிவமைத்த எட்வின் லிங்க் என்பவரின் 31 வயது மகன். மீட்புக் கப்பலில் நின்ற தகப்பன் அத்தனை மணித்தியாலமும் அங்கேயே இருந்தார். அதன்பின் அந்த மனிதர் செய்த வேலை, கடலடியில் சிக்கியவர்களை மீட்கக்கூடிய ஆளில்லாத இயந்திரம் ஒன்றை உருவாக்கியதாகும்.

இரண்டாவது விபத்து ஓகஸ்ட் 29ம் திகதி அயர்லாந்துக்குத் தென்மேற்கே நடந்தது. அத்திலாந்திக் தொலைபேசி வடத்தைப் புதைக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த 'பைசீஸ் 3' என்ற கலத்தை மேலே எடுக்கும் சமயத்தில், இழுவைக் கயிறு சிக்கிப் பின்புற அறையின் மூடி பிடுங்கப்பட்டது. அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்து, கலம் வாற்புறமாகச் சுமார் 480 மீற்றர் ஆழத்துக்குப் போய் விழுந்தது. உள்ளே றொஜர் சப்மன், றொஜர் மலின்சன் என்ற இரு பிரித்தானியர். அவர்களிடம் இருந்த உணவு ஒரு சான்ட்விச்சும் ஒரு ரின் எலுமிச்சைப் பானமும் மட்டுமே. ஒட்சிசனை மிச்சம் பிடிப்பதற்காகப் பேச்சைக் குறைத்து, அசையாமல் கிடந்தார்கள். மேலே பிரித்தானியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கப்பல்களும் கலங்களும் ஒன்றுகூடின. பல முயற்சிகள் தோற்றன. 76 மணித்தியாலங்களின் பின்னர், செப்ரெம்பர் 1ம் திகதி இருவரும் உயிருடன் மீட்கப்பட்டபோது 12 நிமிடத்துக்கான ஒட்சிசன் மட்டுமே மீதி இருந்தது.

இவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அவர்களது கோளம் உடையவில்லை. மேலே இருந்தவர்களுடன் பேசும் தொடர்பு அறவில்லை. அந்த ஆழத்துக்கு இறங்கக்கூடிய வேறு கலங்களைக் கொண்டுவர முடிந்தது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

டைட்டனுக்குக் கிடைத்த எச்சரிக்கைகள்

இப்போது டைட்டனைப் பார்ப்போம். ஆழ்கடற் கலங்களில் ஆட்கள் இருக்கும் பகுதி பெரும்பாலும் கோள வடிவில், உருக்கினாலோ தைத்தானியத்தினாலோ செய்யப்படுகின்றது. கோளத்தின் மேல் அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஆனால் கோளத்தினுள் இரண்டு அல்லது மூன்று பேரே அமரலாம். ஐந்து பேரை ஏற்றவேண்டும் என்பதற்காக டைட்டன் உருளை வடிவில், காபன் நாரினால் செய்யப்பட்டது. இரு முனைகளிலும் தைத்தானியக் கவசங்கள் ஒட்டப்பட்டன. காபன் நார் இழுவையைத் தாங்குவதில் கெட்டித்தனமானது. நசுக்கும் அமுக்கத்தைத் திரும்பத் திரும்பத் தாங்குமா என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். கம்பனியின் கடற் பிரிவுப் பொறுப்பாளர் டேவிட் லொக்றிட்ஜ் 2018 ஜனவரியில் குறைகளை எழுத்தில் கொடுத்தார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் இத்துறையைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் றஷ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, சுயாதீனமான நிறுவனம் ஒன்றினால் கலத்தைப் பரிசோதிப்பிக்கும்படி வற்புறுத்தினர். அது நடைபெறவில்லை. 2022 யூலையில் ஒரு பயணத்தின் முடிவில் பலத்த வெடிச்சத்தம் கேட்டது. அதன்பின் கலத்தின் உடலில் மாற்றம் ஏற்பட்டதை அதன் உணர்கருவிகளே பதிவு செய்திருந்தன. அதையும் பொருட்படுத்தாமல், பனிக்காலத்தில் கலத்தைச் சென். ஜோன்ஸ் நகரில் திறந்த வெளியில் விட்டிருந்தனர்.

அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் விசாரணைக் குழு 2025 ஓகஸ்ட்டில் வெளியிட்ட 300 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை, இந்த விபத்து தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியது என்று கூறுகின்றது. விசாரணையில் வெளிவந்த ஒரு விடயம் மனதை உறுத்துகின்றது. துணைக்கப்பலில் இருந்தவர்களுக்கு முதலில் 'டொம்' என்ற ஒலி கேட்டது. சில செக்கன்கள் கழித்து, இரண்டு நிறைகளைக் கழற்றிவிட்டதாக டைட்டனிலிருந்து செய்தி வந்தது. அதனால் எல்லாம் நன்றாக இருக்கின்றது என்று நம்பிக்கொண்டார்கள். செய்தி புறப்பட்டது முதல். ஒலி வந்து சேர்ந்தது முதல்.

தாமும் டைட்டானிக்குக்கு 33 தடவைகள் இறங்கிய திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கமரூன், பனிப்பாறை பற்றிய எச்சரிக்கைகள் கிடைத்தும் வேகத்தைக் குறைக்காத டைட்டானிக் கப்டனையும் இந்தக் கம்பனியையும் ஒப்பிட்டுப் பேசினார். இவ்வளவுக்கும் ஆழ்கடலில் பாதுகாப்பாகப் போய்வர முடியாது என்பதில்லை. அமெரிக்காவின் 'அல்வின்' என்ற ஆய்வுக்கலம் 1964 முதல் 5000 தடவைகளுக்கு மேல் இறங்கியுள்ளது. 1968ல் இறக்கும் வடம் அறுந்து, மூடி திறந்திருந்த நிலையில் மூழ்கியபோதும் மூவரும் வெளியேறித் தப்பினர். இன்றுவரை அதில் ஓர் உயிரும் போகவில்லை. 2018-2019ல் ஐந்து சமுத்திரங்களின் அடியையும் தொட்ட விக்ரர் வெஸ்கோவோவின் கலம், சுயாதீனமாகப் பரிசோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்றது.

எமக்குத் தெரிந்த துறைமுகம்

டைட்டன் புறப்பட்ட சென். ஜோன்ஸ் நகரின் பெயர் எம்மவருக்குப் புதியதல்ல. 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு திறந்த படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அப்பகுதி மீனவர்கள் காப்பாற்றிய பின்னர் அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட நகரம் அதுவே. குஸ் டோல்ரன் என்ற மீனவக் கப்டன் அன்று அவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு உதவவில்லை.

இதை நினைக்கும்போது இன்னொன்றையும் நினைக்கவேண்டியுள்ளது. டைட்டன் இறங்குவதற்கு நான்கு நாட்கள் முன்னர், 2023 யூன் 14ம் திகதி, 'அட்றியானா' என்ற மீன்பிடிக் கப்பல் கிரேக்கத்தின் பிலோஸ் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதில் 750 பேர்வரை இருந்ததாகக் கருதப்படுகின்றது. பிழைத்தவர்கள் 104 பேர். பாகிஸ்தானியர், எகிப்தியர், சிரியர் எனப் பலர் பல நூற்றுக்கணக்கில் மத்தியதரைக் கடலின் மிக ஆழமான பகுதியில் அமிழ்ந்தனர். டைட்டனைத் தேட விமானங்களும் கப்பல்களும் விரைந்தது தவறல்ல. கடலில் ஆபத்துக்குள்ளான எவரையும் தேடத்தான் வேண்டும். அந்த நியாயம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே எமது ஆதங்கம்.

பயணிகள் கேட்கவேண்டியவை

டைட்டானிக்கைப் பார்க்கப் போகும் வசதி எம்மில் எவருக்கும் இராது. ஆனால் விடுமுறைக்குச் செல்லும் இடங்களில், பவளப்பாறை காட்டும் சிறிய உல்லாச நீர்மூழ்கிகளில் எமது குடும்பங்களும் ஏறுகின்றன. அவை முப்பது மீற்றர் அளவுக்கே இறங்குபவை என்றாலும் ஆபத்து இல்லாதவை அல்ல. 2025 மார்ச் 27ம் திகதி எகிப்தின் ஹூர்கடாவில் அத்தகைய ஒரு கலம் மூழ்கி ஆறு உல்லாசப் பயணிகள் இறந்தனர்.

ஆகவே பிள்ளைகளை ஏற்றுமுன் நாலு கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கலத்தைக் கம்பனி அல்லாத வேறு எவராவது பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்துள்ளார்களா? உள்ளே இருப்பவர்கள் தாமாகவே கதவைத் திறக்க முடியுமா? டைட்டனின் கதவு வெளியிலிருந்து ஆணிகளால் முடுக்கப்பட்டது. கலம் சிக்கிக்கொண்டால் யார், எவ்வளவு நேரத்தில் வருவார்கள்? கையொப்பமிடச் சொல்லும் தாளில் என்ன எழுதியிருக்கின்றது? மொழி விளங்காவிட்டால் விளங்கியவரைக் கொண்டு வாசிப்பித்த பின்னரே கையொப்பம் இடுங்கள்.

இவற்றைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. பதில் சொல்ல விரும்பாதவர்களின் கலத்தில் ஏறாமல் கரையில் நின்று கடலைப் பார்ப்பதே மேல்.