வணிகர் மறைந்தபின் அவர் கடன்

பிழைப்பு நாடிப் பெங்களூருக்கு வந்து, அலசூரிலோ சிவாஜி நகரிலோ சிறு கடை தொடங்கி முன்னுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பத்தின் தலைவர் திடீரென மறைந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்பே கடன் கொடுத்தோர் வாயிலில் வந்து நிற்பதுண்டு. துயரில் மூழ்கிய மனைவி மக்கள், நீட்டிய தாளிலெல்லாம் கையொப்பமிட்டுவிடுகின்றனர். ஆதலின், இதுபற்றிச் சட்டம் கூறுவது யாது என நாம் அறிந்திருத்தல் நலம்.

முதற்கண், கடன் எவருடையது என்று காணவேண்டும். தனி ஒருவர் நடத்திய கடையாயின், கடையின் கடனும் அவர் கடனும் ஒன்றே. கூட்டு வணிகமாயின், அவர் இறக்கும்வரை ஏற்பட்ட கடனுக்கு அவர் சொத்து பொறுப்பாகும். அதன்பின் கூட்டாளிகள் செய்யும் செயல்களுக்கு அது பொறுப்பாகாது என்கிறது 1932-ஆம் ஆண்டின் கூட்டு வாணிகச் சட்டம். வரையறுக்கப்பட்ட கம்பெனியோ தனி மனிதரினின்றும் வேறானது. அதன் கடனுக்கு அவர் சொந்த ஜாமீன் தந்திருந்தால், அந்த அளவிற்கே அவர் சொத்து பிணைப்படும்.

கம்பெனிக் கடனுக்கு நம் நகரிலேயே சான்று உண்டு. 1996-இல் பிரிகேடு ரோட்டில் முதற் கடையைத் திறந்து 'கஃபே காபி டே'யை வளர்த்த வி.ஜி. சித்தார்த்தா, 2019 ஜூலையில் மறைந்தார். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் அக்கம்பெனியின் மொத்தக் கடன் ஏறத்தாழ 7,200 கோடி ரூபாய். நிறுவியவர் மறைந்தும் கடன் மறையவில்லை. அது கம்பெனியின் மீதே நின்றது. பெங்களூரிலுள்ள குளோபல் வில்லேஜ் தொழிற்பூங்கா முதலிய உடைமைகள் விற்கப்பட்டன. 2020 டிசம்பரில் அவர் துணைவியார் மாளவிகா ஹெக்டே தலைமைப் பொறுப்பேற்றார். 2021 மார்ச்சு இறுதியில் கடன் 2,000 கோடிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இனி, தனிக் கடை நடத்தியவரின் வீட்டிற்கு வருவோம். தந்தை பட்ட கடனை மைந்தன் தீர்ப்பது அறம் என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கையைக் காட்டி மகன்மீது வழக்குத் தொடர முன்பு இடமிருந்தது. 2005 செப்டம்பர் 9-ஆம் நாளுக்குப்பின் வாங்கிய கடன்களுக்கு அக்கொள்கை மட்டும் காரணமாகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, இறந்தவரின் சொத்தில் வாரிசின் கைக்கு எவ்வளவு வந்ததோ அவ்வளவிற்கே அவர் பொறுப்பு. அவர் தம் உழைப்பால் ஈட்டிய சம்பளம் அதில் சேராது. ஆயினும், கைக்கு வந்த சொத்திற்குக் கணக்குக் காட்ட இயலாதவர், அந்த அளவிற்குத் தாமே பொறுப்பாவார்.

உயிலை நிறைவேற்றுவோரும் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியும் பணம் செலுத்தவேண்டிய வரிசையை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வகுத்துள்ளது. முதலில் ஈமச் செலவும் இறுதிக்கால மருத்துவச் செலவும். அடுத்து நீதிமன்றச் செலவு. பின்னர், இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் உழைத்த தொழிலாளர், கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோரின் கூலி. அதன்பின் ஏனைய கடன்கள். சொத்து போதாதாயின், உரக்கக் கேட்பவருக்கு முழுத்தொகையும் அமைதியாய் இருப்பவருக்கு ஒன்றுமில்லை என்பது முறையன்று. விகிதப்படி பகிர்ந்தே அளிக்கவேண்டும். உயிலில் எழுதிய கொடைகள் இவை யாவற்றிற்கும் பிறகுதான். சொத்தை ஈடாகப் பெற்றவரின் உரிமை மட்டும் அச்சொத்தின்மேல் தனியே நிற்கும்.

எனவே, கடன் கேட்டு வருபவரை அவமதிக்கவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. கோரிக்கையை எழுத்தில் பெறுக. பத்திரம், பற்றுச்சீட்டு, பேரேடு ஆகியவற்றுடன் ஒப்பிடுக. சாதாரணப் பணக்கடனுக்கு வழக்குத் தொடரும் காலவரையறை மூன்றாண்டு. அது முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் காலம் புதிதாகத் தொடங்கும். ஆதலின் வழக்கறிஞரைக் கேளாமல் எதிலும் கையொப்பமிடலாகாது. கடன் கொடுத்தோரும் சான்றுகளுடன் காலத்தே கோருதல் வேண்டும்.

இவை யாவற்றிலும் எளியது ஒன்றுண்டு. யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை இன்றே நம் வீட்டாருக்குச் சொல்லிவைப்போம்.