மருந்துச் சோதனையும் கிராம மக்களும்

கார்த்திகைத் தீபத்தன்றும் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் மலையை வலம் வர மக்கள் பல்லாயிரவராகத் திரள்வதை யாவரும் அறிவர். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில், பூவும் கற்பூரமும் விற்போரிடையே பொடியும் தைலமும் விற்போரும் அமர்ந்திருப்பதுண்டு. மூட்டுவலிக்கு ஒன்று, நீரிழிவுக்கு மற்றொன்று என அவர்கள் கூவி விற்பர். அருகில் நிற்கும் ஒருவர், "நான் உட்கொண்டேன், எனக்குக் குணமாயிற்று" என்று சான்று பகர்வார். அவர் பொய் சொல்கிறார் என்று நாம் கருத வேண்டுவதில்லை. ஆயினும், அவர் சொல் ஒன்றையே கொண்டு அம்மருந்து நோயைத் தீர்த்தது என்று துணியலாமா?

துணிய இயலாது. மூட்டுவலி தானே ஏறித் தானே தணியும் இயல்புடையது. சாதாரணக் காய்ச்சல் மருந்தின்றியே சில நாட்களில் இறங்கிவிடும். ஆஸ்பத்திரியில் வாங்கிய மாத்திரையையும் அவர் உடன் உட்கொண்டிருக்கலாம். இவையெல்லாவற்றினும் முக்கியமானது வேறொன்று: குணமடைந்தவர் கடைக்குத் திரும்பி வந்து சொல்வார், குணமடையாதவர் வருவதில்லை. எனவே நம் காதில் விழுவது ஒரு பக்கத்துச் செய்தி மட்டுமே. இக்குறை பொடிக்கும் தைலத்துக்கும் மட்டும் உரியதன்று. பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர்கள் தரும் மருந்துக்கும் இது பொருந்தும். ஆகவேதான் எந்த மருந்தையும் நோயாளிகளிடையே முறைப்படி சோதித்துப் பார்த்த பின்னரே பொது வழக்கத்துக்குக் கொணர வேண்டும் என்ற நெறி ஏற்பட்டது.

விவசாயி அறிந்த முறை

இந்நெறி விவசாயப் பெருமக்களுக்குப் புதியதன்று. நம் மாவட்டத்தில் நிலக்கடலை பயிரிடுவோர் பலர். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புதிய ரகம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கிணற்றை ஒட்டிய நல்ல நிலத்திலும், பழைய ரகத்தை மேட்டுப் புன்செய்யிலும் விதைத்துவிட்டு, "புதியதே அதிக விளைச்சல் தந்தது" என்று ஒருவர் கூறினால் அனுபவமுள்ள விவசாயி நகைப்பார். மண் வேறு, நீர் வேறு. விதையின் தன்மை எப்படித் தெரியும்? இரண்டையும் ஒரே பருவத்தில், ஒரே வகை மண்ணில், ஒரே எருவிட்டு விதைத்தால் அன்றோ உண்மை விளங்கும்?

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் என்னும் அறிஞர் 1920களில் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். எந்தப் பாத்தியில் எந்த விதை என்பதை மனிதன் தன் விருப்பப்படி தீர்மானித்தால், அவனையறியாமலே நல்ல பாத்தியைத் தனக்குப் பிடித்த விதைக்கு ஒதுக்கிவிடுவான். ஆதலால் பாத்திகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும் என்று அவர் வகுத்தார்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சூதறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். யார் விருப்பமும் வெறுப்பும் தேர்வில் புகாதிருக்கவே அச்சிறுவன் எடுத்தான். வயலில் ஃபிஷர் செய்ததும், பிற்காலத்தில் மருத்துவர்கள் நோயாளிகளிடம் செய்ததும் அதே நோக்கம் கொண்டவையே.

பிரிட்டனில் ஸ்டிரெப்டோமைசின் மருந்தைக் காசநோய்க்குச் சோதித்தபோது இம்முறை கையாளப்பட்டது. மருந்து அப்பொழுது மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் என்று குலுக்கல் முறையில் பிரித்தனர். ஆறு மாதங்களில் முதல் பிரிவில் 4 பேரும், இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்தனர். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, மருந்தின் பயனை ஐயத்துக்கிடமின்றி நாட்டியது.

சென்னையில் நடந்த சோதனை

இதன் பின் நம் மாநிலத்திலேயே நடந்த சோதனை ஒன்று உலகின் மருத்துவ வழக்கத்தையே மாற்றியது. அக்காலத்தில் காசநோயாளி ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் உணவும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில் நெடுங்காலம் தங்க வேண்டும் என்பதே கொள்கை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையமே இன்றும் சானடோரியம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நோயாளிகளோ பல லட்சம். படுக்கைகளோ மிகச் சில. செங்கத்திலோ போளூரிலோ உள்ள ஒரு கூலித் தொழிலாளி நோயுற்றால், ஓராண்டு குடும்பத்தைப் பிரிந்து செல்வது எங்ஙனம்? இடம் கிடைப்பதுதான் எங்ஙனம்?

இதற்கு விடை காண 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் ஒத்துழைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் சோதனையை நடத்துவதில் முன்னின்றார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஒரே மருந்துகள்: ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ். என்பதும், ஓராண்டுக் காலம். வீட்டிலிருந்தோர் நெருக்கமான இடங்களில் வாழ்ந்தனர், அவர்கள் உண்டது எளிய உணவு, ஓய்வும் குறைவு. அவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனரா என்பதை ஊழியர்கள் வீடு தேடிச் சென்றும், சிறுநீரைச் சோதித்தும் கண்காணித்தனர்.

1959ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் நோய்க்கிருமி அடங்கிய நிலையை எய்தியோர் சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேர். வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர். நல்லுணவும் முழு ஓய்வும் பெற்றவர்க்கும் அவை கிட்டாதவர்க்கும் இடையே வேறுபாடு சிறிதளவே. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டால் மனைவி மக்களுக்கு நோய் அதிகம் பரவுமே என்று பலர் அஞ்சினர். அவ்வீட்டாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டுப் பிரிவினரின் குடும்பங்களில் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை எனக் கண்டனர். மருந்து தொடங்குமுன்னரே பெரும்பாலும் நோய் தொற்றிவிடுகிறது; மருந்து தொடங்கிய பின் பரவும் ஆற்றல் விரைவில் குன்றுகிறது.

1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், நோயாளிக்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்ற அடிப்படையில் அமைந்தது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கு இலவசமாக மருந்து பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரும், பெயரறியாத அந்த 193 பேருக்குக் கடன்பட்டவரே. அந்த ஆராய்ச்சி நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சென்னைச் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

கேட்ட கேள்விக்கே விடை

சென்னைச் சோதனையைக் கொண்டு, "காசநோய்க்கு உணவு முக்கியமன்று" என்று கூறிவிடலாகாது. அங்கே கேட்ட கேள்வி, மருந்துண்ணும் நோயாளி வீட்டில் குணமடைவாரா என்பதே. நோயாளியின் வீட்டாருக்கு நோய் வராமல் தடுக்க உணவு உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சோதனை வேண்டும். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த அச்சோதனையின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2,800 நோயாளிகளின் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவர்க்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. குலுக்கலில் தேர்ந்த பகுதிகளில் வீட்டாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் தரப்பட்டன. அப்பகுதிகளில் வீட்டாருக்குப் புதிதாகக் காசநோய் தோன்றியது நூற்றுக்கு 39 பங்கு குறைவாயிருந்தது. நியாய விலைக் கடையின் அரிசி பருப்பும் நோய்த்தடுப்புக்கு உதவும் என்பது இதனால் விளங்குகிறது.

சில சோதனைகள் எதிர்பார்த்த விடையைத் தருவதில்லை. அவையும் பயனுள்ளவையே. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. ஊசியைப் பற்றி மாபெரும் சோதனை தொடங்கிற்று. பதினைந்து ஆண்டுகள் மக்களைக் கவனித்த பின், வயது வந்தோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுப்பதில்லை எனத் தெரிந்தது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளைத் தடுப்பதனால், பிறந்த குழந்தைக்கு அது இன்றும் போடப்படுகிறது. எதற்குப் பயன், எதற்குப் பயனில்லை என்று பிரித்தறிவதே சோதனையின் வேலை.

பிற நோய்களிலும் இவ்வாறே. திருச்சி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடையே நடந்த சோதனையில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது என 1990இல் அறிவிக்கப்பட்டது. குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் மருந்தை வேலூர், புனே, டில்லி ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தனர். கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை அது ஏறத்தாழ பாதியளவு குறைத்தது.

புதிய மருந்து நேரே ஆயிரக்கணக்கானோர்க்குக் கொடுக்கப்படுவதில்லை. முதலில் மிகச் சிலரிடம் அது தீங்கற்றதா எனப் பார்ப்பர். அடுத்துச் சில நூறு பேரிடம் அளவும் பயனும் காண்பர். அதன் பின்னரே பலரிடம் ஒப்பிட்டுச் சோதிப்பர். தகுந்த மருந்து முன்னரே இருக்கும் நோயாயின், புதியதை அதனோடு ஒப்பிடுவர். சிலவிடங்களில் உண்மை மருந்தைப் போன்றே தோற்றமுள்ள, மருந்தற்ற மாத்திரையையும் பயன்படுத்துவர். எது யாருக்கு என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாதபடி வைப்பதும் உண்டு. மனத்தின் நம்பிக்கை கணக்கில் கலந்துவிடாதிருக்கவே இவ்வேற்பாடு.

இசைவு அவரவர் உரிமை

நிலக்கடலையிடம் நாம் அனுமதி கேட்பதில்லை. மனிதனிடம் கேட்டே ஆக வேண்டும். இவ்விதி தவறியபோது என்ன நேரும் என்பதற்கு 2009ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்று. அந்நாளைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று பள்ளிச் சிறுமியரிடையே நடத்தப்பட்டது. கம்மத்தில் சிறுமியர் பலருக்குப் பெற்றோர்க்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே கையொப்பமிட்டது பின்னர் வெளியாயிற்று. 2010இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி நல்லதே, ஆனால் இசைவு பெற்ற முறை பிழையாயிற்று. அதனால் மக்களின் நம்பிக்கை குலைந்தது.

இன்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய விதிகள் நடைமுறையில் உள்ளன. சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அக்குழுவில் மருத்துவரல்லாத பொதுமனிதரும் இருத்தல் வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்குமுன்னரே சோதனையை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்தல் வேண்டும். விவரம் அனைத்தையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் பெற உரிமையுண்டு. எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். விலகியதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

ஆராய்ச்சிக் குழு ஒன்று கிராமத்துக்கு வருமாயின் முதலில் நாடுவது பஞ்சாயத்துத் தலைவரையே. அவர்களை வரவேற்று இடமளிப்பதும், கிராம சபையில் விளக்கச் செய்வதும் பஞ்சாயத்தின் பணி. ஆனால் "ஊரார் அனைவரும் சம்மதம்" என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. ஊர்க் கட்டுப்பாட்டின் பேரால் ஒருவரைச் சேர்ப்பதும் தவறு. வதந்தியைக் கேட்டு, விரும்பி வருபவரைத் தடுப்பதும் தவறு.

உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. எந்த நோய்க்கு, எந்த மருந்து? இப்பொழுதுள்ள சிகிச்சை எது. அது எங்களுக்கு நிற்காமல் கிடைக்குமா? என்ன தீங்கு நேரலாம்? நேர்ந்தால் இரவிலும் யாரிடம் செல்வது? பதிவேட்டு எண் என்ன? சோதனை முடிந்தபின் முடிவை எங்களுக்கு வந்து சொல்வீர்களா? நேர்மையான குழு இக்கேள்விகளை மகிழ்ந்து வரவேற்கும்.

மலைவலப் பாதையில் பொடி விற்பவரிடமும் இவற்றுள் ஒரு கேள்வியை நாம் கேட்கலாம்: இதை உண்டவரையும் உண்ணாதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தீரா? விடையில்லையெனில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த நீரிழிவு மாத்திரையையோ காசநோய் மருந்தையோ நிறுத்திவிட்டு அப்பொடியை உண்ணலாகாது. விதையைச் சோதித்து வாங்கும் விவசாயி, தன் உடலுக்கும் தன் மக்களின் உடலுக்கும் அதே விவேகத்தைக் காட்டுவாராக.