மூட்டையில் இல்லாதது யார் தோளில்?

டீ ஆறுவதற்குள் குடி, தம்பி. பையைப் பிறகு பிரிக்கலாம். ஜவ்வாது மலைக்கு ரெண்டு ராத்திரி போய்வர 14 கிலோ கட்டியிருக்கிறாய். எது மலையிலேயே கிடைக்கும், எது கிடைக்காது என்று யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை, அதனால் வந்த எடை அது.

சொல்லித்தரும் பழைய புத்தகம் நம்ம மாவட்டத்துடையதே. மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று என்று பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்திருப்பாய். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு, முன்பே போய்வந்தவன் ஒருவன் வழி சொல்லும் பாட்டு. பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. அதில் வரும் நவிரமலையைத்தான் போளூர்ப் பக்கத்துப் பர்வதமலை என்கிறார்கள்.

உரையாசிரியர்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, நாளைக்கு மலையேறப் போகிறவனாக அதைப் படித்துப் பார். பன்றிக்குப் பொறி வைத்திருக்கும் வழியா? விடிந்தபின் நட. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போ. பாறையில் பாசி வழுக்குமா? மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொண்டு கட. ராத்திரி ஆனால் குகைக்குள் சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போய்ப் படு. எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு: வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போ என்கிறான், பின்னால் வரும் புதியவர்கள் தடுமாறாமல் இருப்பதற்காக. பெயின்ட் அடித்த அம்புக்குறியைவிட அது எனக்கு உசத்தி. ரெண்டு மழையில் மக்கிப்போகும், மலையில் ஒன்றும் மிஞ்சாது.

சரி, அந்தக் கூத்தர்கள் தோளில் என்ன இருந்தது? முழவு, குழல், கொம்பு, யாழ். வாத்தியப் பைகள்தான். வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்று மூட்டை பற்றிப் பேச்சில்லை. ஏனென்றால் குறவர் குடிசையில் தினைச்சோறு, ஆயர் சேரியில் பால், வயல் ஊரில் வேறொரு விருந்து என்று வழியில் சோறு கிடைக்கும் வீடுகளைப் பாட்டே குறித்துக் கொடுத்திருக்கிறது. அவர்கள் சுமக்காத சோற்றை அந்த வீடுகள் சுமந்தன.

இதையே கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் சமண முனிவர்கள், அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் திருமலைக்குப் போ. 16 மீட்டர் நேமிநாதர் நிற்கிறாரே, சிகாமணிநாதர், அந்த மலைதான். குந்தவை பெயரில் ஜினாலயம் இருக்கிறது. கங்கைவரை படை போன கதையைச் சொல்லும் ராஜேந்திர சோழன் கல்வெட்டும் அங்கேதான். அந்தப் படைக்கு எத்தனை வண்டி மூட்டை போயிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. திகம்பர முனிவருக்கோ மயில்பீலி ஒன்று, கமண்டலம் ஒன்று, மிஞ்சினால் ஒரு சாஸ்திர நூல். செருப்பில்லை, துணியில்லை, வண்டியில் ஏறுவதில்லை. தலைமுடியைக் கையால் பிடுங்கிவிடுவதால் கத்திகூட வேண்டாம்.

அந்தப் பீலியைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் புரியும். மயில் தானாக உதிர்த்த இறகுகளைச் சேர்த்துக் கட்டியது. உட்காரும் இடத்தில் எறும்பு, பூச்சி நசுங்காமல் ஒதுக்கத்தான் அது. ஏன் மயிலிறகு என்பதற்கு அவர்கள் நூல்கள் ஐந்து குணம் சொல்கின்றன: தூசி ஒட்டாது, வியர்வை பிடிக்காது, மென்மை, நயம், கடைசியாக லேசு. சாமான் வாங்கக் கடைக்குப் போகிறவன் இந்த ஐந்தையும் கேட்டாலே போதும்.

ஆனால் அவருடைய சோறு? ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றபடி, கையிலேயே வாங்கிச் சாப்பிடுவார். தருவது இல்லறத்தார். அமையாவிட்டால் அன்று பட்டினி. மழைக்காலம் நாலு மாதம் தவிர எந்த ஊரிலும் நிலையாகத் தங்குவதில்லை. ஊர்மேல் தன் பாரம் விழுகிறது என்று தெரிந்து, அதற்கு வரம்பு கட்டிய ஏற்பாடாகத்தான் எனக்கு இது படுகிறது.

சுமை குறைத்துப் பயணம் போவது பற்றி வெள்ளைக்காரர் எழுதிய புத்தகங்களில் இந்த வரம்பு இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்று ஒருவர், நெஸ்மக் என்ற பெயரில் எழுதியவர், குள்ளம், நெஞ்சு நோயாளி. 1883இல் அறுபது வயதைக் கடந்தபின் அடிராண்டாக் ஏரிகளில் தனியாகப் போனார். படகின் எடை ஐந்து கிலோகூட இல்லை. படகு, போர்வை, ரெண்டு நாள் உணவு, கைக்கோடாலி எல்லாம் சேர்த்தே 12 கிலோ! அடுத்த வருஷம் வந்த அவருடைய ‘உட்கிராஃப்ட்’ இன்றைக்கும் படிக்கச் சுகமானது. ஆனால் அந்தக் கைக்கோடாலியைக் கவனி. மெத்தைக்குக் கிளை வெட்டினார், கூரைக்குப் பட்டை உரித்தார், ராத்திரி முழுக்கத் தீ வளர்த்தார். அவர் தூக்காததைக் காடு கொடுத்தது. நீ நம்ம ரிசர்வ் காட்டில் அதைச் செய்தால் ஃபாரஸ்டர் கையோடு கூட்டிப்போவார்.

பட்டு நெய்யும் நம்ம ஆரணிக்காரர்களுக்கு நெருக்கமானவர் இன்னொருவர். தாமஸ் ஹைராம் ஹோல்டிங், லண்டன் தையற்காரர். சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு அயர்லாந்து சுற்றினார், 1901இல் சைக்கிள் முகாம்காரர்களுக்குச் சங்கம் தொடங்கினார், 1908இல் ‘தி கேம்பர்ஸ் ஹேண்ட்புக்’ எழுதினார். மெல்லிய பட்டிலே கூடாரம் தைத்துப் பார்த்தவர். அன்றைக்கு லேசும் உறுதியும் சேர்ந்த துணி பட்டுதான். பாராசூட்டும் பட்டில்தான் இருந்தது, இரண்டாம் உலகப் போரில் நைலான் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. உன் டென்ட் அந்த நைலானின் பேரப்பிள்ளை.

பட்டு நூலைச் சாயத்துக்கு முன் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பதை வீட்டில் பார்த்திருப்பாய். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும், இழை மட்டும் நிற்கும். உன் பையையும் அப்படி வேகவை. ரெண்டாவது ஜீன்ஸ் போகட்டும். பவர்பேங்க் ஒன்று போதும். ஸ்டவ், பாத்திரம், மசாலா டப்பா மூன்றும் வெளியே. தண்ணீரிலும் போர்வையிலும் மட்டும் கை வைக்காதே, மார்கழியில் அந்த மலை நடுக்கிவிடும். வனத்துறை அனுமதிச் சீட்டுக்கு எடை இல்லை, அதை முதலில் வாங்கு.

சாப்பாட்டுக்கு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சாமைச்சோறு கிடைக்கும். கூத்தர்கள் சாப்பிட்ட வீட்டில் ஆடிப் பாடிக் கடனைத் தீர்த்திருப்பார்கள். உனக்கு அது வராது. காசை எடுத்து வைத்துக்கொள், சில்லறையாக.