பழைய மினி டிராக்டர்: சொல்லும் விலைக்குத் தகுமா?

தென்னை, வாழை, திராட்சை, கரும்பு என்று வரிசைப் பயிர் வைத்திருப்பவர்களுக்கு மினி டிராக்டர் இன்று அவசியமாகிவிட்டது. மர வரிசைகளுக்குள் பெரிய டிராக்டர் நுழையாது. களையெடுக்க ஆள் கிடைப்பதும் அரிது. புதிது வாங்கக் கையில் பணம் போதாதவர்கள் பழைய வண்டியைத் தேடிப் போகிறார்கள். அங்கே பேரம் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது: எந்த வருஷ மாடல், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கடைசி விலை என்ன? மூன்றுக்கும் உண்மையான பதில் கிடைத்தாலும் அந்த விலை நியாயமா என்பது தெரியாது. வண்டியை வேலைக்கு இறக்க இன்னும் எவ்வளவு செலவாகும், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் அது நம் தோட்டத்தில் உழைக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விற்பவர் சொல்லும் தொகை பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

முதலில் மாடலையும் மீட்டரையும் எடுத்துக்கொள்வோம். மினி டிராக்டர் என்ற ஒரே பெயருக்குள் 15 குதிரைத்திறனும் ஒற்றை சிலிண்டரும் கொண்ட மகேந்திரா யுவராஜ் 215-ம் இருக்கிறது. 24 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், நான்கு சக்கர இயக்கம் கொண்ட குபோட்டா நியோஸ்டார் பி2441-ம் இருக்கிறது. ஒன்றின் விலையை வைத்து மற்றொன்றை மதிப்பிட முடியாது. மணிக்கணக்கும் முழுச் சாட்சியாகாது. பழைய வண்டிகளில் மீட்டர், கேபிள் வழியாக எஞ்சின் சுழற்சியைக் கொண்டு ஓடுகிறது. எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடினால் மீட்டரில் ஒரு மணி நேரம் ஏற அதற்கும் மேல் ஆகும். கேபிள் அறுந்துபோனால் எண் அப்படியே நின்றுவிடும். எண் குறைவாக இருந்து, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, இழுவைக் கொக்கியின் துளை முட்டை வடிவமாகி, ஸ்டீயரிங்கில் ஆட்டம் கண்டிருந்தால், இரும்பு சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது என்பது முக்கியம். மானாவாரித் தோட்டத்தில் களைக்கு ஓடிய வண்டியும், கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டியும் ஒன்றல்ல. சேறும் தண்ணீரும் ஆயில் சீல்களைத் தாண்டி அச்சுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் போய் பேரிங்குகளை அரிக்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன் அச்சிலும் பல்சக்கரங்களும் சீல்களும் இருப்பதால் அங்கே கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது கட்டாயம்.

சோதனை சொல்லும் தொகை

வண்டி பார்க்கப் போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக்கி வைத்த எஞ்சின், காலையில் முரண்டு பிடிப்பதை மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆன பிறகு விடாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம். சுமை ஏற்றும்போது கரும்புகை அடர்ந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். முதல் வகைக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும். இரண்டாவது சின்னச் செலவிலும் முடியக்கூடும். எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ரொட்டவேட்டரை மாட்டித் தூக்கி, எஞ்சினை நிறுத்துங்கள். சில நிமிடங்களில் அது தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு. டயரில் பட்டன் மிச்சமிருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்த ஜோடியை மாற்றத்தான் வேண்டும். கண்ட ஒவ்வொரு குறையையும் அங்கேயே எழுதி, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் தொகை கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொண்டால், பேரம் பேச வாய்ஜாலம் தேவைப்படாது.

புதிய விலையும் மணிக்கணக்கும்

பழைய வண்டியின் விலைக்கு அளவுகோல் இன்றைய புதிய வண்டியின் விலைதான். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 5 லட்ச ரூபாய் விலையுள்ள வண்டி 5,60,000-லிருந்து 5,25,000 ஆகும். பழைய வரியில் வாங்கியவர் தான் கொடுத்த தொகையிலிருந்து கழித்து விலை சொல்வது இயல்பு. வாங்குபவர் இன்றைய விலையிலிருந்து கழிக்க வேண்டும். அந்த வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதே மாடல் பழையது 3,00,000 ரூபாய்க்கு வருகிறது. டயர், கிளட்ச், ஹைட்ராலிக் வேலைக்கு 55,000 ஆகும். ஆறு ஆண்டு ஓட்டி 1,00,000-க்கு விற்கலாம். ஆண்டுக்கு 300 மணி நேரம் ஓடினால் மொத்தம் 1,800 மணி நேரம். மணிக்கு 142 ரூபாய் விழுகிறது. புதியதை 5,25,000-க்கு வாங்கி, ஆறு ஆண்டு கழித்து 2,50,000-க்கு விற்றால் மணிக்கு 153 ரூபாய். வெறும் 11 ரூபாய் மிச்சத்துக்காக வாரண்டியை இழக்கிறோம். அதே பழைய வண்டி 2,50,000-க்குப் படிந்தால் மணிக்கு 114 ரூபாய். அப்போதுதான் பழையது வாங்குவதற்குப் பொருள் இருக்கிறது.

புதியதற்குக் கூடுதலாகப் போடும் பணத்தின் வட்டியை மறந்துவிட்டீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூடுதல் தொகை 1,70,000. ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் முதல் ஆண்டில் 17,000, அதாவது மணிக்கு ஏறத்தாழ 57 ரூபாய். கையிருப்புப் பணத்தில் பழையதை வாங்குபவருக்கு இது உண்மையான லாபம். பழையதையும் கடனில் வாங்குபவருக்கு அந்த லாபம் சுருங்கும். ஏனென்றால் பழைய வண்டிக் கடனுக்குப் பொதுவாக வட்டி அதிகம். அரசு மானியம் புதிய கருவிகளுக்கே கிடைப்பதால், அதற்குத் தகுதியுள்ளவர்களுக்கு இடைவெளி இன்னும் குறையும். தோட்டம் சிறியதாகி ஆண்டுக்கு 100 மணி நேரமே வேலை இருந்தால், 3,00,000-க்கு வாங்கும் பழைய வண்டி டீசல் போடும் முன்பே மணிக்கு 425 ரூபாய் தின்கிறது. ஊரில் என்ன வாடகை, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை என்ன என்று விசாரித்துவிட்டே இப்படிச் சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள் முடிவெடுக்க வேண்டும். வேண்டிய நாளில் வாடகை வண்டி வராது என்பார்கள். அதுவும் உண்மை. ஈரம் காயும் முன் உழவேண்டிய பயிருக்குச் சொந்த வண்டியின் மதிப்பு கூடுதல்தான். அதற்காக எத்தனை ரூபாய் கூடுதலாகத் தரலாம் என்பதையும் எண்ணாக எழுதிப் பார்த்தால் ஆசைக்கு ஓர் எல்லை கிடைக்கும்.

காகிதமும் விலையில் சேரும்

மலிவாக வருகிறதே என்று ஆர்.சி. பார்க்காமல் முன்பணம் கொடுப்பது பெரிய ஆபத்து. பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அது முடியும் தறுவாயில் இருந்தால் புதுப்பிக்கும் செலவு வாங்குபவர் தலையில் விழும். ஆர்.சி.யில் கடன் பதிவாகியிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். தவணை கட்டாததால் பிடிக்கப்பட்ட சீசிங் வண்டிகளில் விலை குறைவதற்குக் காரணம் உண்டு: பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க வாய்ப்பில்லை, பராமரித்தவர் யாரென்று தெரியாது. அந்த இருட்டுக்கான தொகையையும் கழித்தே ஏலம் கேட்க வேண்டும்.

அவசரப்பட்டால் நல்ல வண்டி, தாமதித்தால் இன்னொருவர் கொண்டுபோய்விடுவார் என்ற பேச்சு ஒவ்வொரு பேரத்திலும் வரும். சில சமயம் அது நடக்கவும் செய்யும். ஆனாலும் இன்றைய புதிய விலை, பழுதுச் செலவு, ஆண்டு வேலை நேரம், காகிதச் செலவு ஆகிய நான்கையும் வைத்து உச்ச விலையைக் குறித்துக்கொண்டு போகிற விவசாயி, கைநழுவிய வண்டிக்காக வருந்த வேண்டியதில்லை. பழைய மினி டிராக்டர்கள் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. தவறான விலைக்கு வாங்கிய வண்டியின் தவணையோ ஒவ்வொரு அறுவடையிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும்.