வீட்டுச் சுவரைக் கழுவுமுன்

எறும்பூரக் கல்லும் தேயும் என்பர். எறும்பின் காலுக்கே தேயும் கல், இயந்திரத்தினின்று சீறிவரும் நீருக்கு எவ்வாறு ஈடுகொடுக்கும்? இவ்வினாவைச் சென்ற ஆண்டு நான் காலந்தாழ்த்தியே எழுப்பினேன்.

எங்கள் வீடு, தாய்வழிப் பாட்டனார் 1946 ஆம் ஆண்டு கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டுவித்தது. முகப்பிலே அவ்வாண்டினைத் தம் கையாலேயே சுண்ணாம்புச் சாந்தினாற் புடைப்பாக எழுதியிருந்தார். மாரி கழிந்ததும் சுவரெங்கும் கரும்பாசி படர்ந்திருக்கக் கண்டு, பொங்கலுக்கு முன் கழுவிவிட எண்ணி, நீர் பீச்சும் இயந்திரமொன்றை வாடகைக்கு எடுத்தேன். அரைமணி நேரத்திற் பாசி போயிற்று. அதனோடு எண்கள் இரண்டும் போயின. “ஐயா எழுதினதெல்லோ, தம்பி” என்று மட்டும் கூறி அம்மா உள்ளே சென்றார்.

நான் செய்த பிழை யாது? அழுக்கின் கடுமையை நோக்கினேன். அதனைத் தாங்கிநிற்கும் பரப்பின் மென்மையை நோக்கவில்லை.

வீட்டுப் பாவனைக்குரிய இயந்திரங்கள் பல, சதுர அங்குலத்துக்கு 1500 இறாத்தல் அமுக்கம் தருவன. இது வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 100 மடங்கு. இவ்வமுக்கத்தில் நீர் செக்கனுக்கு 140 மீற்றர் வரையான வேகத்தோடு வெளிப்படும் என்பதை மாணவர் தாமே கணித்தறியலாம். சீமெந்துத் தரையும் கொங்கிறீற்று முற்றமும் இதனைத் தாங்கும். பழைய சுண்ணாம்புச் சாந்து தாங்காது. ஓட்டுக் கூரையிற் பீச்சினால் ஓட்டின் மேற்பரப்பு தேயும்; தேய்ந்த ஓடு நீரை மிகுதியாக உறிஞ்சுதலின் பாசி முன்னிலும் விரைந்து படரும்.

பீச்சுமுனையைத் தெரிதலும் முக்கியமாகும். ஊசிபோற் பாயும் 0 பாகை முனையை வீட்டிற் பயன்படுத்தலாகாது. 15 பாகை கடினமான தரைக்கும், 25 பாகை உறுதியான சீமெந்துச் சுவருக்கும், விசிறிபோல் விரியும் 40 பாகை மென்மையான பரப்புக்கும் பொருந்தும். முதலில் மறைவான ஓரிடத்தில், இரண்டடி தூரத்தில் நின்று சோதித்துப் பின்னரே நெருங்குக.

சுண்ணாம்புச் சுவருக்கோ இயந்திரமே வேண்டா. சுவரை நனைத்துத் தும்புத் தூரிகையால் மெல்லத் தேய்த்துக் கழுவுதலே சாலும். சீமெந்துச் சுவரிற் பாசி விடாப்பிடியாக இருப்பின், நீர்த்த வெளிற்றுந் திரவத்தைப் பூசிப் பத்து நிமிடம் பொறுத்துக் கழுவலாம். அதனை அமிலத்தோடு சேர்த்தல் ஆகாது, நச்சுவாயு எழும். கழுவிய நீர் கிணற்றை அடையாமலும் காத்தல் வேண்டும்.

இன்னுமொரு எச்சரிக்கை: பீச்சும் நீரை விளையாட்டாகவேனும் எவர்மீதும் திருப்பற்க. அது தோலைத் துளைத்து உட்புகும். வெளிக்காயம் சிறிதாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஏணியில் நின்று பீச்சுவதும் ஆபத்து. நீரின் எதிருதைப்பு ஆளைத் தள்ளிவிடும்.

மேசன் ஒருவர் சுண்ணாம்பு குழைத்து அவ்விரு எண்களையும் மீள எழுதித் தந்தார். அழகாகவே எழுதினார். ஆயினும் அம்மா முகப்பை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவர் கண்கள் எஞ்சிய பழைய இரண்டிலேயே தங்குகின்றன. பாசி அடுத்த மாரிக்கும் வரும். போன சாந்து வராது.